நிக்காஹ் மட்டும்தான் முடிந்திருந்தது

1

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து குவைத்தின் ஃபஹாஹீல் பள்ளிவாசல் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நம் ஊர் மீரான் என் தோளைத் தொட்டார். மீன் மார்க்கெட்டுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். யாரையும் கிண்டல் செய்யாமல் ஒரு நாளைக் கழிக்கத் தெரியாதவர். என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார்.

"என்ன காக்கா, அமெரிக்கா கார்டை சட்டைப்பையில வச்சிக்கிட்டு இன்னும் இங்கெ வெயில்ல செருப்புத் தேடுறிய?" என்றார்.

சுற்றி நின்ற நம் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கிரீன் கார்டு செத்துப்போய் இரண்டு வருடமாகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஊரிலிருந்து வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். கடைத்தெருவில், கல்யாண விருந்துகளில், என் மனைவியிடமும் கேட்கிறார்களாம். அமெரிக்கா வரை போனவர் ஏன் திரும்பி வந்தார், அங்கே என்ன தவறு செய்தார், துரத்திவிட்டார்களா என்று.

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று கேட்டுப் பல மாதங்களாகின்றன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பிறகு பழைய வார இதழ்களையும் வண்டி உதிரிபாகங்களின் விவரப் புத்தகங்களையும் படித்தே தமிழும் ஆங்கிலமும் கற்றுக்கொண்ட ஒருவனிடம் கட்டுரை கேட்பது அவர்களுடைய பெருந்தன்மை. அறிவுரை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

2

அமெரிக்கா என்ற நினைப்பு எனக்கு வசதியின் மீதிருந்த ஆசையால் வந்ததன்று. அது பாலைவனத்தில், ஒரு கூடாரத்தில் வந்தது.

ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்த அந்த ஆகஸ்டில் என் மகள் நஸீமாவுக்கு ஐந்து வயது. மகன் யாசிர் கைக்குழந்தைப் பருவத்தை அப்போதுதான் தாண்டியிருந்தான். கடைகள் காலியாகி, கம்பெனி பூட்டப்பட்டு, எங்களுக்கு விசா தந்த முதலாளியான கஃபீல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட நிலையில், மற்றவர்களைப் போல் நாங்களும் பாக்தாது வழியாகப் பேருந்தில் ஜோர்டான் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மணலில் கூடாரங்கள். தண்ணீர் லாரி வரும்போது ஓடவேண்டும். பகலில் கூடாரத்துக்குள் இருக்க முடியாது, வெளியிலும் இருக்க முடியாது. என் மனைவி கதீஜா தன் முக்காட்டுத் துணியை நனைத்து இரண்டு பிள்ளைகளின் தலையிலும் மாறிமாறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வேளையில் எனக்குப் பசியையும் தாகத்தையும் விட ஒரு நினைப்பே பெரிதாக இருந்தது. பதினைந்து வருட காலம் ஒரு நாட்டில் உழைத்தேன். என் பிள்ளைகள் இருவரும் அந்த மண்ணின் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். இருந்தும் அங்கே நாங்கள் குடியிருந்தோம் என்று சொல்ல, காலாவதியாகப்போகும் இகாமா என்னும் வசிப்பு அனுமதி முத்திரை ஒன்றைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை.

என் தங்கை ஸுலைஹா திருமணமாகி நியூஜெர்சியில் இருந்தாள். அவள் கணவர் அங்கே பெட்ரோல் பங்க் ஒன்றை நடத்திவந்தார். தொலைக்காட்சியில் கூடாரங்களைக் காட்டும்போதெல்லாம் திரைக்கு மிக அருகே உட்கார்ந்து எங்கள் முகங்களைத் தேடுவாளாம். போர் முடிந்து, நான் மறுபடி குவைத்துக்கே வந்து அதே கம்பெனியில் சேர்ந்த பிறகு, அவள் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, அண்ணன் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மனுப் போட்டாள். அன்று தொலைபேசியில் அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"காக்கா, இங்கெ வந்துட்டா யாரும் உங்களைப் போன்னு சொல்ல முடியாது."

எனக்கு அமெரிக்கக் கனவு என்பது அவ்வளவுதான். காரும் இல்லை, டாலரும் இல்லை. போ என்று யாரும் சொல்ல முடியாத ஓர் இடம்.

3

மனுப் போட்டவர்கள் வரிசையில் நிற்கவேண்டும். அண்ணன் தம்பிகளுக்கான வரிசைதான் எல்லாவற்றிலும் நீளமானது என்று பிறகுதான் தெரிந்தது. யாசிர் பள்ளியில் சேர்ந்தான், மீசை முளைத்தது, வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

காத்திருப்பது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் அறியமாட்டார்கள். நாங்கள் எதையும் முழுமையாக வாங்கவில்லை. நல்ல அலமாரி வேண்டும் என்று கதீஜா கேட்டால், போகிறபோது எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்பேன். யாசிருக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்க நான் உட்கார்ந்தால், "அங்க போனா இது எதுக்கு வாப்பா?" என்பான். நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அவன் அமெரிக்காவைப் பார்ப்பதற்கு முன்பே அமெரிக்கப் பையனைப் போலப் பேசக் கற்றுக்கொண்டான். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நஸீமா மட்டும் எங்களிடம் ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். தம்பிக்கும் எங்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் அவளே இருந்தாள்.

அந்தக் காலத்தில்தான் டேல் என்பவரைச் சந்தித்தேன். நான் வேலை பார்ப்பது கனரக வண்டிகளின் உதிரிபாகங்கள் விற்கும் ஸ்டோர். ஈராக்கில் இரண்டாவது போர் தொடங்கிய பிறகு, இங்குள்ள அமெரிக்க ராணுவ முகாமின் லாரிகளைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர்கள் ஃபில்டரும் பெல்ட்டும் வாங்க எங்களிடம் வரத் தொடங்கினார்கள். டேல் அவர்களில் ஒரு மெக்கானிக். ஒஹையோ மாநிலத்துக்காரர். என் வயதுதான். கையில் கிரீஸ் ஒட்டியிருந்தால் கை குலுக்க மாட்டார், முழங்கையை நீட்டுவார்.

பொருளை எடுத்துவரும்வரை பேசிக்கொண்டிருப்போம். நான் அவர் நாட்டுக்குப் போகக் காத்திருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். எத்தனை காலமாக என்று கேட்டார். சொன்னதும் அவர் முகத்தில் முதலில் வந்தது திகைப்பு. பிறகு, நான் இந்த நாட்டில் இருக்கும் காலத்தைக் கேட்டுவிட்டு, இத்தனை வருடம் இருந்த பிறகும் உங்களை அனுப்பிவிட முடியுமா என்றார். முடியும் என்றேன். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள் அல்லவா என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. பிறந்த இடத்திலேயே ஒருவன் விருந்தாளியாக இருப்பதை அவரால் மனத்தில் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

எனக்கு விளங்காதது வேறொன்று. சொந்த நாட்டை விட்டு, எங்களைப் போல ஒரு தகரக் கொட்டகை முகாமில் வந்து தங்க இவருக்கு என்ன வந்தது? கேட்டேன். அவர் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.

"என் அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் ஒரே வேலையில் இருந்து எங்கள் வீட்டை வாங்கி முடித்தார். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. நானும் என் மனைவியும் சேர்ந்து மூன்று வேலை பார்த்தும் அதே வீட்டை வைத்திருக்க முடியவில்லை. நீங்கள் போய்ச் சேரப்போகிற நாட்டில் நான் தங்கியிருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இங்கே வந்து நிற்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெஷாவர் கான் பாய், என்ன பேச்சு என்று தெரியாமலேயே எங்களோடு சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் டேல் பெல்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்று மாலைவரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே பிறந்தவருக்கு அந்தக் கனவு என்பது கையிலிருந்து நழுவுகிற ஒரு பழைய வீடு. எனக்கோ அது இன்னும் வாசலைக்கூடக் காட்டாத ஒரு நாடு. இருவரும் ஒன்றையே பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வெவ்வேறு பொருளைப் பேசியிருக்கிறோம்.

4

நம் ஊர் வழக்கத்தை மலர் படிக்கும் வெளியூர் அன்பர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்களில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்த நாளிலிருந்தே தகப்பன் வீடு கட்டத் தொடங்கிவிடுவான். திருமணமானதும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டில் மாமியார் இருந்து அவரை உபசரிப்பார். தாய் இல்லாத பெண் வீடு எங்கள் ஊரில் அரைகுறை வீடு.

நஸீமாவுக்கு மாப்பிள்ளை பேசியது அவள் பள்ளி முடித்த மறு வருடம். பையன் இம்ரான், துபாயின் தேராவில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்ப்பவர். நல்ல குடும்பம், தூரத்து உறவு. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வரிசை எங்கள் அருகே வந்துவிட்டது என்று ஸுலைஹா கூப்பிட்டுச் சொன்னாள். இருபத்தொரு வயது ஆகாத, திருமணமாகாத பிள்ளைகள்தான் தகப்பனோடு வரமுடியும் என்றும், நஸீமாவின் கல்யாணத்தை விசா கைக்கு வரும்வரை தள்ளிவைக்கும்படியும் சொன்னாள்.

தள்ளிவைக்க நாங்கள் ஆயத்தமாகத்தான் இருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் ஆயத்தமாக இல்லை. அந்த ஆண்டு விடுமுறையில் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்: "அமெரிக்கா போற பொண்ணை வெறும் வாய்ப்பேச்சுல எப்படி விடுறது? போயிட்டுத் திரும்பலைன்னா எம் புள்ளை எங்கெ போய் நிப்பான்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே பெரியவர்கள் கூடி ஒரு வழி கண்டார்கள். நிக்காஹ்வை மட்டும் எளிய முறையில் பள்ளிவாசலில் முடித்துவிடுவது. விருந்தும், மாப்பிள்ளை பெண் வீடு வருவதும் விசா கிடைத்து நஸீமா ஒருமுறை அமெரிக்கா போய்த் திரும்பிய பிறகு. இப்படி நிக்காஹ்வை முன்னே முடித்து, சேர்ந்து வாழ்வதை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்வது வளைகுடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைகள் வீட்டில் புதிதல்ல. மாப்பிள்ளை பெண் வீடு வரும்வரை ஊரில் அவளை யாரும் கல்யாணமானவள் என்று சொல்வதும் இல்லை. இரு தரப்புக்கும் மனநிறைவு. மூளையைப் பயன்படுத்தி முடிச்சை அவிழ்த்துவிட்டோம் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள்.

இம்ரான் அந்த வாரமே தேராவுக்குத் திரும்பினார். நாங்கள் ஃபஹாஹீலுக்குத் திரும்பினோம். அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பவேண்டிய தாள்களை நாங்கள் அதற்கு வெகு முன்பே பூர்த்தி செய்து அனுப்பியிருந்தோம். அவற்றில் நஸீமா திருமணமாகாதவள். எழுதியபோது அது உண்மை. பிறகும் அது உண்மைதான் என்றே எங்களில் ஒவ்வொருவரும் நம்பினோம்.

5

தூதரகத்தில் எங்களை நேர்காணல் செய்தவர் ஓர் இளம் பெண் அதிகாரி. தடித்த கண்ணாடிக்கு அப்பால் நின்று, ஒலிபெருக்கி வழியாகப் பேசினார். அவரைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. எங்கள் பெயர்களைச் சரியாக உச்சரிக்க முயற்சி செய்தார். கையை உயர்த்தி, உண்மையே சொல்வோம் என்று நால்வரும் சத்தியம் செய்தோம். என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்டார். கதீஜாவிடம் நான் எத்தனை வருடமாகக் கணவன் என்று கேட்டார். கதீஜா வெட்கப்பட்டு விரல் விட்டு எண்ணியதைக் கண்டு சிரித்தார். யாசிரிடம் என்ன படிக்கப் போகிறாய் என்றார்.

பிறகு நஸீமாவிடம், உனக்குத் திருமணமாகிவிட்டதா என்று கேட்டார்.

வழக்கமான கேள்வி. கையில் இருந்த தாளில் பதில் இருந்தது. நஸீமா என் பக்கம் திரும்பினாள். நான் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்காமல் வைத்திருக்கவும் முடியவில்லை. அவள் மறுபடி கண்ணாடியைப் பார்த்து, நிக்காஹ் முடிந்துவிட்டது, கல்யாணம் இன்னும் ஆகவில்லை என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்.

நிக்காஹ் என்றால் என்ன என்று அந்த அதிகாரி கேட்கவில்லை. குவைத்தில் வேலை பார்ப்பவருக்கு அது தெரியும். பள்ளிவாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாயா என்று மட்டும் கேட்டார். போட்டேன் என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். வருந்துகிறேன் என்று சொன்னபோது அது வாய்ச்சொல்லாகத் தெரியவில்லை. நான்கு பாஸ்போர்ட்டுகளில் மூன்றைத் தம் பக்கம் வைத்துக்கொண்டார். ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பள்ளத்தின் வழியாக எங்கள் பக்கம் தள்ளினார்.

6

வீட்டுக்கு வந்ததும் யாசிர் அக்காவிடம் வெடித்தான். "லாத்தா, ஜஸ்ட் 'நோ'ன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒன் வேர்ட்."

"நாலு பேரு முன்னாடி ஓதி முடிச்சதை இல்லைன்னு எப்படிடா சொல்றது?" என்றாள் நஸீமா. கோபம் இல்லை அவள் குரலில். அவன் பர்கர் வாங்கிவரச் சொன்னால் கடை மூடியிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அன்று மாலையே ஸுலைஹா அழைத்தாள். முதலில் அழுதாள். "காக்கா, நமக்குத்தான் நிக்காஹ் வேறெ கல்யாணம் வேறெ. அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு" என்றாள். பிறகு, தனக்குத் தெரிந்த வக்கீலிடம் பேசியதாகவும், ஒரு வழி இருப்பதாகவும் சொன்னாள். நஸீமாவுக்கு இருபத்தொன்று முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் நிக்காஹ் முறைப்படி தலாக் சொல்லி முறிக்கப்பட்டால், சட்டப்படி அவள் மறுபடி திருமணமாகாதவள். எங்களோடு வந்துவிடலாம். வந்து சேர்ந்த பிறகு அதே இம்ரானுக்கு மறுபடி நிக்காஹ் செய்துவைக்கலாம். இம்ரானையும் பின்னால் அழைத்துக்கொள்ளலாம்.

இதை ஓர் அப்பன் எப்படி மகளிடம் சொல்வது? நான் முதலில் இம்ரானிடமே பேசினேன். தேராவில் கடை அடைக்கும் சமயம். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் தயங்கவில்லை.

"சொல்லிடுறேன் மாமா. ஒரு வார்த்தைதானே. பிறகு ஓதிக்கிடலாம்" என்றார்.

ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தேன் என்பதை நான் கவனிக்கவில்லை. நஸீமா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். போனை வைத்ததும், "ஒரு வார்த்தைதானேன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

நமக்காகத்தான் சொல்கிறார், உனக்காகத்தான், என்று கதீஜா ஏதோ சமாதானம் சொன்னாள். அது பொய்யும் அல்ல. இம்ரான் கெட்டவர் அல்லர். வருகிற விசா தம் வாசலுக்கும் வரும் என்று அவரும் சில காலமாகக் கனவு கண்டிருக்கிறார்; அந்தக் கனவைக் காப்பாற்றும் அவசரத்தில் பேசியிருக்கிறார். கூடாரத்தில் கிடந்தவன் நான். எனக்கு அந்த அவசரம் புரியும்.

நஸீமா மூன்று நாள் வழக்கம்போல் சமைத்தாள், துணி மடித்தாள், யாசிரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். நான்காம் நாள் என் தட்டில் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்.

"வேணாம் வாப்பா. அவர் ஒரு தடவை சொல்லிட்டா, திரும்ப எத்தனை தடவை ஓதுனாலும் எங் காதுல அதுதான் கேட்டுக்கிட்டு இருக்கும். நான் ஊர்ல இருக்கேன். நீங்கள்லாம் போயிட்டு வாங்க."

கதீஜா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்கள்லாம்னு என்னைச் சேக்காதெ. தாய் இல்லாத வீட்டுக்கு மாப்புள்ளை வந்து யாரு கையில சோறு வாங்கித் திம்பாரு? வாப்பாவும் தம்பியும் போகட்டும்."

யாசிர் போகவேண்டுமானால் நான் போகவேண்டும், மனு என் பெயரில் வந்தது. நான் போகாவிட்டால் அவனுக்கும் இல்லை. இங்கே படிப்பு முடிந்ததும் என் இகாமாவிலிருந்து அவன் பெயர் நீங்கிவிடும். பிறந்த ஊரிலேயே வேலை விசா தேடி அலையவேண்டியவன். அவன் என்னைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் போகிறேன் என்று சொன்னேன்.

7

நஸீமாவின் கல்யாண விருந்து முடிந்து, இம்ரான் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்து தங்கி மறுபடி தேராவுக்குப் போன பிறகு, நானும் யாசிரும் நியூஜெர்சியில் இறங்கினோம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய அதிகாரி, வீட்டுக்கு நல்வரவு என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். குவைத் விமான நிலையத்தில் முப்பது வருடத்தில் ஒருமுறையும் என்னிடம் யாரும் சொல்லாத வாக்கியம். யாசிர் என் கையைப் பிடித்து அழுத்தினான். அந்தக் கணத்துக்காக இத்தனையும் தகும் என்றுதான் அப்போது தோன்றியது.

ஸுலைஹாவின் வீடு பெரியது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய சீட்டுகள் மூலமாகத்தான். மச்சான் விடியலில் பங்குக்குப் போவார். அவள் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். அங்கே அவளை ஜூலி என்கிறார்கள். இருபது வருடத்தில் ஸுலைஹா என்று சொல்ல யாரும் கற்றுக்கொள்ளவில்லை, அவளும் இப்போது திருத்துவதில்லை. நான் பங்கில் மச்சானுக்கு உதவியாக நின்றேன். எண்பதாயிரம் பாகங்களில் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த நான், அங்கே ஒரு வாடிக்கையாளர் கேட்ட சிகரெட்டை எடுக்கத் தடுமாறினேன். யாரும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்தவர் முன்னே வந்து நின்றார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் உலர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தங்கையிடம் அவள் முன்பு சொன்ன வாக்கியத்தை நினைவூட்டினேன். கூட்டுவதை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "பொய் சொல்லலை காக்கா. போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இருன்னும் யாரும் சொல்ல மாட்டாங்க."

யாசிர் அந்த மண்ணில் சீக்கிரமே கால் ஊன்றிக்கொண்டான். உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தான், மாலையில் பங்கில் வேலை, வந்த மாதத்திலேயே நண்பர்கள். அவன் குவைத்தில் பேசிய ஆங்கிலத்துக்கு அங்கே கடைசியில் ஊர் கிடைத்தது. எனக்கு ஏதும் கிடைக்கவில்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் ஊரில் என் மனைவியும் மகளும் ஒரு வீட்டில், மாப்பிள்ளை தேராவில், மகனும் நானும் இங்கே என்ற நிலையில், என் கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த விடுமுறை முடியும் நாள் நெருங்கியது. குவைத்தில் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனி டிக்கெட்டில் ஊர் போகலாம். பங்கில் நின்றால் எப்போது போவேன் என்று சொல்ல முடியாது. போ என்று எந்த நாளும் சொல்லக்கூடிய நாட்டுக்கே திரும்பிப் போக முடிவு செய்தேன்.

விமான நிலையத்தில் யாசிர், "ஒன் இயருக்குள்ள வந்துருவீங்கல்ல வாப்பா? இல்லைன்னா கார்டு போயிரும்" என்றான். வருகிறேன் என்றேன்.

நஸீமாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியதால் அந்த ஆண்டு விடுமுறையை ஊரில் கழித்தேன். பேத்தி பிறந்தாள். ஒரு வருடம் கடந்தது. போக முடியாமல் இல்லை, நான் போகவில்லை. மீரானுக்கும், கடைத்தெருவில் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். என்னை யாரும் துரத்தவில்லை.

8

டேல் இன்னும் எங்கள் ஸ்டோருக்கு வருகிறார். அவர் காப்பாற்ற வந்த வீட்டைச் சென்ற வருடம் வங்கி எடுத்துக்கொண்டது; மனைவி தன் சகோதரியின் வீட்டில் இருக்கிறார். ஒப்பந்தம் முடிந்தபோது மறுபடி நீட்டித்துக்கொண்டார். திரும்பிப் போனால் எங்கே போவது என்று என்னிடம் கேட்டார். பிறப்புரிமையோடு ஒரு நாடு இருக்கிறது அவருக்கு. அதில் போய் உட்கார ஒரு நாற்காலி இல்லை. என் மகனை ஒவ்வொரு முறையும் மறக்காமல் விசாரிப்பார். நன்றாக இருக்கிறான் என்பேன். யாராவது ஒருவர் அங்கே நம்பிக்கையோடு இருப்பது நல்லது என்று முழங்கையை நீட்டிவிட்டுப் போவார். அதில் கேலி இல்லை.

யாசிர் வாரம் ஒருமுறை காலையில் அழைக்கிறான். தமிழ் இன்னும் குறைந்துவிட்டது. உம்மாவோடு பேசும்போது சொல் கிடைக்காமல் நிறுத்துகிறான் என்று கதீஜா சொல்கிறாள். ஆனால் பாசம் குறைந்தவன் அல்லன். இன்னும் இரண்டு வருடத்தில் அவன் அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிடுவான். ஆன மறுநாளே முதல் வேலையாக லாத்தாவின் குடும்பத்துக்கு மனுப் போடப் போவதாகவும், அத்தையின் வக்கீலிடம் இப்போதே பேசிவிட்டதாகவும் போன வாரம் சொன்னான். அன்று 'ஒன் வேர்ட்' என்று அவளிடம் கத்தியது அவனுக்குள் இன்னும் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அவளுக்கு ஈடு செய்யவேண்டும் என்று துடிக்கிறான். சகோதரர்களுக்கான வரிசை இப்போது இன்னும் நீண்டிருப்பதை அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. முறை வரும்போது என் பேத்தி மீசை நரைத்த மாமனைத்தான் பார்ப்பாள்; ஒருவேளை அவளுக்கே நிக்காஹ் பேசும் வயது வந்திருக்கும்.

இந்தச் செய்தியை நஸீமாவிடம் சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தான். சென்ற வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலிலிருந்து வந்து சாப்பிட்டபின் ஊருக்கு அழைத்தேன். குழந்தை பின்னால் எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது. நான் யாசிர் சொன்னதையெல்லாம் விளக்கினேன். இம்ரானுக்குத் தெரிந்தால் மகிழ்வார் என்றும் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள் போலிருக்கிறது, அழுகை நின்றது.

"தம்பி நல்லா இருக்கட்டும் வாப்பா" என்றாள். "எம் பேரை மட்டும் எங்கெயும் எழுத வேணாம்னு சொல்லுங்க. எழுதிட்டா நான் காத்திருக்க ஆரம்பிச்சிருவேன்."